திரையில் திறந்த கை

ஓரம் பிசிறாக இருக்கும் எதையும் பார்த்துக்கொண்டு என் அக்காவால் சும்மா இருக்க முடியாது. துணியோ தாளோ, கத்தரித்து நேராக்கிவிட்டுத்தான் மறுவேலை. நான் அச்சடித்து வைக்கச் சொன்ன மார்க்கர் தாள்களையும் அப்படித்தான் செய்திருந்தாள். கறுப்புச் சட்டத்தைச் சுற்றி ஒரு நூல் வெள்ளைகூட இல்லாமல் வெட்டி, மேசைமேல் அடுக்கி வைத்துவிட்டு என் பாராட்டுக்காகக் காத்திருந்தாள்.

"ஏன்க்கா வெட்டின?"

"சுத்தி வெள்ளையா அசிங்கமா இருந்துச்சுடி. இப்ப பாரு, எவ்வளவு நீட்டா இருக்கு."

"அந்த வெள்ளை இருந்தாத்தான் கறுப்பு எங்க முடியுதுன்னு கேமராவுக்குத் தெரியும். இப்ப இதை மூஞ்சிக்கு நேரா காட்டினாலும் அதுக்குத் தெரியாது."

"உன் கேமராவுக்குக் கண்ணு சரியில்லன்னு முன்னாடியே சொல்லியிருக்கணும். அவசரக்குடுக்கை! பாதி சொல்லிட்டு ஓடிடறது."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமா, "நல்லா சண்டை போடுங்க. எனக்கும் பொழுது போகணும்ல" என்றார். அக்காவின் கணவர். அவருடைய வலது கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே முடிந்துபோயிருந்தது.

மரச்சாமான் கடைகளுக்கு வேலை செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. கறுப்புச் சட்டத்துக்குள் சில கட்டங்கள் அச்சிட்ட ஒரு தாளை, அதாவது மார்க்கரை, தரையில் போட்டு, போனில் பார்த்தால் அந்த இடத்தில் சோபா நிற்கும். தாளைத் திருப்பினால் சோபாவும் திரும்பும். கேமராவுக்கு அறையும் தெரியாது, ஆளும் தெரியாது. அந்தக் கட்டத்தை மட்டும் தேடிப் பிடித்து, அது எவ்வளவு தூரத்தில் எந்தச் சாய்வில் கிடக்கிறது என்று கணக்குப் போடும். கணக்கு வந்த இடத்தில் நாம் கொடுத்த பொருளை வைக்கும். இப்போது சோபாவுக்குப் பதில் கை. வேறு வித்தியாசம் இல்லை என்று நானும் நினைத்துத் தொலைத்தேன்.

மாமா அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் உருளை இயந்திரம் ஓட்டியவர். அதே உருளையில் அவருக்கு ஒரு கூட்டாளி. வாய் ஓயாமல் பாடிக்கொண்டே இருப்பதால் எல்லாரும் அவரை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் ரேடியோவின் சட்டைக் கையை உருளை கவ்விக்கொண்டது. மாமா பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததாகச் சொன்னார்கள். ரேடியோ பிழைக்கவில்லை. மாமாவின் வலது கை போயிற்று. இடது கை விரல்கள் நசுங்கி, மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன.

காயம் ஆறிய பிறகு, இல்லாத கை வலிக்கத் தொடங்கியது. கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். அவருக்கு அது உயிர் போகிற வலி. "முஷ்டி மூடியே இருக்கு. நகம் உள்ளங்கையில குத்துது. இறுக்கிப் பிடிச்சிருக்கு, விட மாட்டேங்குது" என்பார். மாத்திரையைக் கூட்டிப் பார்த்தார்கள், மாற்றிப் பார்த்தார்கள். எதற்கும் அசையவில்லை.

மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னால் நீட்டினால், பிம்பம் போன கையைப்போலத் தெரியும். நல்ல கையை விரித்தால் போன கையும் விரிந்ததாக மனசு நம்பும், வலி குறையும். மற்றவர்களுக்குப் பலித்திருக்கிறது. மாமாவின் இடது கைதான் விரியாதே! கண்ணாடிக்குள்ளும் மடங்கிய விரல்களே தெரிந்தன. "ஒரு முஷ்டிக்கு ரெண்டு முஷ்டி ஆச்சு" என்று எழுந்து வந்துவிட்டார். சில இடங்களில் இதையே திரையில் செய்கிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னதும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஊர்ல இருக்கறவன் வீட்டுக்கெல்லாம் சோபா வைக்கத் தெரியுதுல்ல? உங்க மாமாவுக்கு ஒரு கை வைக்கத் தெரியாதா?"

மறுபடியும் அச்சடித்து வர அக்காவே போனாள். இம்முறை வெள்ளையைத் தொடவில்லை. ஆனால் கடைக்காரர், தாளை மிச்சம் பிடித்துத் தருகிறேன் என்று பக்கத்துக்கு இரண்டாகச் சுருக்கிக் கொடுத்திருந்தார். நானும் ஸ்கேல் வைத்து அளக்காமல் அப்படியே மாமாவின் கையில் கட்டிவிட்டேன். மார்க்கர் பாதியானால் அதன்மேல் நிற்கும் பொருளும் பாதியாகும். திரையில் மாமாவின் தடித்த கையின் நுனியில் ஒரு குழந்தையின் கை முளைத்திருந்தது.

மாமா உற்றுப் பார்த்தார். "எஞ்சினியரம்மா, இது என் கை இல்ல. இது இன்னும் பால் குடிக்கிற கை" என்று சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தோம். அக்காவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போய் அழுதாள்.

மூன்றாவது முறை நானே போய், பளபளப்பில்லாத தாளில், அளந்து அச்சடித்து வந்தேன். உருண்டையான கைமேல் தாள் வளைந்தால் கேமரா தடுமாறும். அதனால் கெட்டி அட்டையில் ஒட்டி, பட்டை வைத்துக் கட்டினேன். ஜன்னல் வெளிச்சம் மார்க்கர்மேல் விழாமல் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். மாமா கையை அதிகமாகத் திருப்பினால் மார்க்கர் மறைந்துவிடும், கை சட்டென்று காணாமல் போகும். முதல் தடவை அப்படிப் போனபோது அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். ஒருவருக்கு இரண்டாம் முறை கையை வெட்டியதுபோல இருந்தது. மார்க்கர் மறைந்தாலும் கை கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும்படி மாற்றினேன்.

திரையில் இப்போது சரியான அளவில், மாமாவின் நிறத்தில், இறுக மூடிய ஒரு முஷ்டி.

"இதேதான். இப்படியேதான் இருக்கு" என்றார்.

ஒன்றை மட்டும் அவரிடம் மறைத்தோம். நிஜமான கருவிகளில் கைத்தசையின் துடிப்பைப் படிக்க ஒரு பட்டை உண்டு. அது என்னிடம் இல்லை. விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினால் முஷ்டி திறக்கும், இன்னொன்றை அழுத்தினால் மூடும். அக்கா என் காதருகே வந்து, "அவர்கிட்ட சொல்லிடாத. தானா திறக்குதுன்னு நம்பினாத்தான் குணமாகும்" என்றாள். உடற்பயிற்சிப் பெண்ணும் நம்பிக்கைதான் பாதி வைத்தியம் என்று சொல்லியிருந்தாள். எனவே, உங்கள் நரம்பு துடிப்பதைக் கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மாமாவிடம் கூசாமல் புளுகினேன்.

"திறங்க மாமா."

"முடியல."

"விரலைத் தளர விடுங்க. எதையோ பிடிச்சிருக்கற மாதிரிதானே இருக்கு? அதை விட்டுடுங்க."

அவர் நெற்றியில் வியர்வை பூத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். "விடுங்க மாமா, விடுங்க" என்று நான் விடாமல் நச்சரித்தேன். முழங்கைக்குக் கீழே தசை ஒரு தடவை துள்ளியது. விசையை அழுத்தினேன். திரையில் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

மாமா அலறினார். அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு அக்கா ஓடிவந்தாள்.

"என்னங்க? வலிக்குதா?"

"இல்ல. வலி போச்சு" என்று மடங்கிய இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வெற்றிக் களிப்பில் இருந்தேன். ஆனந்தக் கண்ணீர் என்றே நினைத்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தாள். "வலி சுத்தமா இல்லடி. ஆனா ஆளையும் காணோம். சுவத்தைப் பாத்துப் படுத்தவர் படுத்தபடியே கிடக்கார். சாப்பாடு இறங்கல. என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறார். உன்னை வரச் சொல்றார்."

நான் போனபோது மாமா மேசையருகே உட்கார்ந்திருந்தார். மார்க்கர் கட்டிய அட்டை அவர் முன்னால் இருந்தது. அக்கா துணி உலர்த்த மாடிக்குப் போகும்வரை காத்திருந்தார்.

"இதை மறுபடி மூடித் தர முடியுமா?"

"எதுக்கு மாமா? வலி வந்துடுமே."

"வரட்டும்." மடங்கிய விரல்களால் அட்டையைத் தன் பக்கம் நகர்த்தினார். "நான் ரேடியோ சட்டையைப் பிடிச்சு இழுத்தேன்னுதானே எல்லாரும் சொல்றாங்க? சட்டை இல்லம்மா. கையைப் பிடிச்சேன். மணிக்கட்டை. உருளை அவனை இழுக்குது, அவன் என்னையே பாக்கறான். நான் விடல. கடைசி வரைக்கும் விடல. மெஷின்தான் வெட்டுச்சு. என் கை அவனைப் பிடிச்சபடியேதான் போச்சு."

மாமா வலது கையின் நுனியைத் தூக்கிக் காட்டினார்.

"அதான் வலிச்சுது. வலிச்சா என்ன? பிடிச்சிருந்தேன்ல? நீ விடு விடுன்னு சொன்ன. எனக்கும் தாங்கல. ஒரு நிமிஷம், சரி விட்டுடலாம்னு நெனச்சேன். உடனே தொறந்துச்சு. மெஷினால பிரிக்க முடியாததை நானே விட்டுட்டேன்."

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். திரையில் இருப்பது அவர் கையாக இருக்காது, சோபாவாகிவிடும். நம்பிக்கை போனால் வைத்தியம் போகும், வலி திரும்பும், அக்காவின் கண்ணுக்கு மறுபடி தூக்கம் இருக்காது. மாடிப் படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்கவில்லை.

"மாமா, கையை மேசையில வைங்க. அசைக்காதீங்க. எதுவும் நெனைக்காதீங்க."

மார்க்கரைக் கட்டிவிட்டு, அவர் பார்க்கும்படி விசைப்பலகையை இழுத்து வைத்தேன். அழுத்தினேன். கை மூடியது. அழுத்தினேன். திறந்தது. மறுபடி மூடியது. அவர் தசையில் ஒரு துடிப்பும் இல்லை.

"நான்தான் மாமா. எப்பவும் நான்தான்."

"அன்னைக்கும்?"

"அன்னைக்கும்."

அவர் திரையைப் பார்க்கவில்லை. என் கண்ணையே பார்த்தார்.

"நீ அழுத்தினது, நான் விடலாம்னு நெனச்சதுக்கு அப்புறமா, முன்னாடியா?"

துள்ளிய அந்தத் தசை என் கண்முன் நின்றது.

"முன்னாடி" என்றேன். "எனக்கு எங்க பொறுமை இருக்கு? நீங்க நெனைக்கறதுக்குள்ள அழுத்திட்டேன்."

மாமா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் உதடு கோணியது.

"அவசரக்குடுக்கை" என்றார். குரல் உடைந்து, தோள் குலுங்க அழுதார். நானும் அழுதேன். அக்கா இறங்கி வருவதற்குள் அட்டையை அவிழ்த்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாளே போன் வந்தது.

"என்னடி செஞ்ச நீ?" அக்கா கத்தினாள். "விடிஞ்சதுலேருந்து துடிக்கறார். திரும்ப முஷ்டி மூடிக்கிச்சாம், நகம் குத்துதாம். இத்தனை வலியில எழுந்து உக்காந்து சாப்பாடு கேக்கறார். போன வாரமெல்லாம் ஊட்டினாலும் துப்பின மனுஷன். எனக்கு ஒண்ணுமே புரியல. வந்து மறுபடி திறந்து விடு."

"இனிமே அது திறக்காதுக்கா."

அவளுக்குப் பின்னால் மாமாவின் குரல், வலியில் இழுத்து இழுத்து வந்தது. "அவகிட்ட சொல்லு, பிடிச்சிருக்கேன்னு."

"எதையோ பிடிச்சிருக்காராம்" என்றாள் அக்கா. "எதைடி?"

மாத்திரையை வேளை தவறாமல் கொடு என்று மட்டும் சொன்னேன்.