ஒயிட் வால்

காலையில் துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் சாம்பல் நிறத்தில் கைக்கு வருகிற ஊர் ராயபுரம். இங்கே உட்கார்ந்துகொண்டு கார் டயருக்கு வெள்ளை வேண்டும் என்று ஒருத்தர் ஆசைப்பட்டால் அவரை என்ன சொல்வது? ஆசைப்பட்டவர் என் வீட்டுக்காரர் தௌசீஃப் என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மகள் ஹஃப்சாவுக்கு நிக்காஹ் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளைத் தன் பழைய அம்பாசிடரில் தானே ஓட்டிப்போய் மாமியார் வீட்டில் விடப்போவதாக இவருக்கு ஒரு கனவு. க்ரீம் கலர் அடித்தாயிற்று, சீட்டுக்கு உறை மாற்றியாயிற்று. அந்த நேரம் பார்த்து ஹஃப்சா போனில் ஒரு படம் காட்டினாள். அந்தக் காலத்துக் கார் ஒன்று, டயரின் பக்கவாட்டில் சுற்றிலும் பளிச்சென்று வெள்ளைப் பட்டை.

"இதுக்குப் பேரு ஒயிட் வால், அத்தா."

"பாரிகிட்ட குட்த்தா செஞ்சிடுவான்" என்றார் இவர். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு விளங்கிவிட்டது. பாரி அண்ணன் வியாசர்பாடியில் டயர் கடை வைத்திருப்பவர். இவரும் அவரும் மீசை முளைக்காத வயதிலிருந்து ஒரே டீமில் பந்து ஆடியவர்கள். போன வருஷம் பாரி அண்ணனின் அப்பா தவறியபோது இவர் சூரத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். போன் அணைந்து கிடந்தது. அடக்கமெல்லாம் முடிந்த பிறகு போய் நின்றவரிடம் பாரி அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. இவரும் வாயைத் திறக்காமல் திரும்பி வந்துவிட்டார். அதோடு சரி. நரைத்த தலையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி டூ விட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்தாகிவிட்டது, பாரி அண்ணனுக்கு மட்டும் வைக்கவில்லை. இவர் நேரில் போய் அழைக்காமல் அவர் வரமாட்டார். அவர் வராவிட்டால் மகள் கல்யாணத்தில் இவருக்குச் சோறு இறங்காது. டயர் ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

"நீங்களே பேசுங்களேன்" என்றேன்.

"நீ பேசு ஜஸீமா."

இவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, போனில் குரல் பதிந்து அனுப்பினேன். "பாரிண்ணே, நாளைக்கு வண்டிய வுடுறேன். நாலு டயருக்கும் ஒயிட் வால் போடணுமாம்."

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "போட்ருவோம்மா. ரெண்டு நாளு டைம் குடு." இவர் அதை நாலைந்து முறை போட்டுக் கேட்டார்.

சொன்னபடி வண்டியை விட்டுவிட்டு, சொன்ன நாளில் எடுக்கப் போனேன். பாரி அண்ணன் எண்ணூர் ரோட்டில் ஏதோ லாரிக்குப் பஞ்சர் பார்க்கப் போயிருந்தார். அவர் மனைவி பூவம்மா சாவியைக் கொடுத்தார். "ரெண்டு நாளா கடைய வுட்டுட்டு இத்துக்குத்தான் அலைஞ்சிகினு கெடந்தாரு. அப்டி இன்னாதான் கீதோ இதுல!"

எனக்கும் அதே சந்தேகம். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். டயர் நாலும் எப்போதும் போலக் கன்னங்கரேல் என்றுதான் இருந்தன. குனிந்து பார்த்தபோது ஒன்று தெரிந்தது. காற்றடிக்கிற வாயில், கறுப்பு மூடி இருக்கவேண்டிய இடத்தில், கடலைப் பருப்பு அளவில் ஒரு வெள்ளை மூடி. நாலு சக்கரத்துக்கும் நாலு.

வீட்டில் இவர் அதைப் பார்த்ததும் முகம் கறுத்துப்போனது.

"என்ன கலாய்க்கிறான் பாரு. நான் கேட்டது எவ்ளோ பெருசு, அவன் குட்த்தது எத்தினி பெருசு? உனக்கு இவ்ளோதான்டான்னு சொல்றான். பத்திரிகையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

எனக்கு ஒரு விஷயம் விளங்காவிட்டால் பல்லில் மாட்டிய மாங்காய் நார் மாதிரி. எடுக்கிறவரை நாக்கு அங்கேயேதான் போகும். கிண்டல் செய்ய நினைக்கிற ஆள் கடையை விட்டுவிட்டு இரண்டு நாள் அலைவானா? மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்து வியாசர்பாடி போனேன்.

நான் வாயைத் திறக்குமுன் பாரி அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "புட்ச்சிருந்துதாம்மா அவனுக்கு?"

அந்த ஆசை முகத்திடம் என்ன சொல்ல? போனில் இருந்த படத்தை நீட்டினேன். "அவர் கேட்டது இதுண்ணே."

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "அட, இது டயரோட சைடும்மா! நீ வால்னுதான சொன்ன? எங்க தொழில்ல வால்னா வால்வுதான், காத்து புடிக்கிற வாயி. ஒயிட்டுல வால் மூடி எங்கயும் கெடைக்கல. பாரிமுனை, புதுப்பேட்டை எல்லாம் சுத்திட்டேன். கடசீல திருவொத்தியூர்ல லேத்து வெச்சிகினு கீறவன்கிட்ட போயி, நைலான் கம்பியில கடைஞ்சு, உள்ள மரை போட்டு வாங்கியாந்தேன்."

"இல்லேன்னு சொல்லியிருக்கலாமேண்ணே."

"ஒரு வருஷம் கழிச்சு ஒண்ணு கேக்கறான். இல்லேன்னு எப்டிம்மா சொல்றது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் ஆனதில் கல்யாணமே கசந்திருக்கும்!

வீட்டுக்கு வந்து நடந்ததை அப்படியே சொன்னேன். இவர் எழுந்தார். வாசலுக்குப் போய் வண்டிப் பக்கத்தில் குந்தி, சக்கரத்திலிருந்து ஒரு மூடியைத் திருகி எடுத்து, உள்ளே விரலை விட்டு மரையைத் தடவித் தடவிப் பார்த்தார். திரும்பவும் பூட்டிவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு, "ஏறு" என்றார்.

கடையில் பாரி அண்ணன் அதற்குள் புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்பி வெள்ளை ரப்பர் வளையங்கள் வாங்கி வைத்திருந்தார். பெயிண்ட் அடித்தால் ரப்பரின் எண்ணெய் கசிந்து மஞ்சளாகிவிடுமாம். இதை டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் சொருகினால் போதுமாம். இத்தனையும் என்னிடம்தான் சொன்னார். இவரைப் பார்க்கவில்லை.

முதல் சக்கரத்தைக் கழற்றிக் காற்றை இறக்கினார். நெம்புகோல் போட்டு டயரை விலக்கியபோது பிடிக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒருவர் நெம்ப, ஒருவர் வளையத்தைச் சொருக, காற்று ஏற ஏற வெள்ளை வட்டம் டயரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அழகாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

நாலாவது சக்கரம் முடிந்தது. இவர் கரிக் கையைத் துடைக்கக்கூட இல்லை.

"அப்பா போனப்போ நான் பக்கத்துல இல்ல மாமு" என்றார்.

"தூக்கறதுக்கு நாலு பேர் இருந்தாங்கடா. எனக்குத்தான் புடிச்சி அழுவ ஆள் இல்ல."

இவர் தலையைக் குனிந்துகொண்டே பையிலிருந்து பத்திரிகையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். பாரி அண்ணன் அதை வாங்கவில்லை.

"கல்யாண வூட்டுக்காரனுக்கே பத்திரிகை வெக்கிறியா நைனா?" என்றார். "போயி கைய கழுவிகினு வா, சாப்டலாம்."