பதினேழா, பதினெட்டா

முன்சக்கரம் சுற்றவில்லை. ஒதீல் இரண்டு கைகளாலும் பிடித்துத் திருகிப் பார்த்தாள். விரற்கடை அளவு நகர்ந்தது, எதன் மேலோ கரகரவென்று உரசியது, நின்றுவிட்டது. லிஃப்டில் தூக்கி நிறுத்திய காரின் வயிற்றிலிருந்து உப்பும் சேறும் கலந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே இன்னும் ஆறு கார்கள் வரிசையில் நின்றன. நவம்பர் கடைசி வாரத்தில் இந்த ஊரில் பாதிரியாரைக்கூட உடனே பார்த்துவிடலாம், டயர் கடைக்காரி ஒதீலைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். நான் காத்திருந்துதான் வந்திருந்தேன்.

"இது ஏறாது மதாம். ரிம் சின்னது. பிரேக்கோட இரும்புப் பிடி இடிக்குது பாருங்க," என்றாள் ஒதீல்.

"கதவுல ஒட்டியிருக்கிற சீட்டுல பதினேழுன்னு போட்டிருக்கே?"

"அது சாதா மாடலுக்கும் சேத்துப் போட்டது. இது ஸ்போர்ட்ஸ் வண்டி, முன் பிரேக் பெருசு. பதினெட்டு இஞ்சுக்குக் கீழ எதை மாட்டினாலும் இதே கதைதான்."

அழுகை வரும்போல இருந்தது. அன்று வியாழக்கிழமை. ஞாயிறோடு டிசம்பர் பிறக்கிறது. டிசம்பர் ஒன்றிலிருந்து மார்ச் பாதிவரை பனி டயர் இல்லாத காரைத் தெருவில் இறக்கினால் போலீஸ் நிறுத்திவிடும். திங்கள் காலை ஆறு மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, ஷிக்குதிமி நகரத்தில், முதியோர் இல்லத்துச் சமையலறையில் நான் வேலைக்குச் சேர வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தியைக் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள். திங்கள் வரவில்லை என்றால் அடுத்தவளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்றும் சொல்லிவிட்டார்கள். எங்கள் ரோட்டில் பஸ் கிடையாது.

இந்தக் காரை வாங்குவதற்காக என் சின்னக் காரை விற்றோம். "ரெண்டு பேருக்கும் ஒரே கார், ஆனா நல்ல கார்," என்றான் என் கணவன் நோர்மான். அவன் அலுமினிய ஆலைக்கு நண்பன் கஸ்தோனின் வண்டியில் போய்விடுவான். கோடையெல்லாம் காரைத் துடைத்தான். அக்டோபர் வந்ததும் வீட்டு முன்னால் கம்பிகள் மேல் வெள்ளைத் துணிக் கொட்டகையைக் கட்டி, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் மணல் மூட்டை கட்டி, காரை உள்ளே விட்டான். பனி டயர் எந்த அளவு என்று முடிவானதும் வெளியே எடுக்கலாம் என்றான்.

அந்த முடிவு இரண்டு குளிர்காலமாக வரவில்லை. பதினேழு இஞ்ச் போட்டால் டயரின் பக்கச் சுவர் உயரமாக இருக்கும், பள்ளத்தில் விழுந்தாலும் ரிம் வளையாது. பத்தொன்பது போட்டால் அழகு, ஆனால் பனியில் சறுக்கும். அகலம் இருநூற்று இருபத்தைந்தா, இருநூற்று நாற்பத்தைந்தா? சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்துவைத்து, முகம் தெரியாத ஆட்களோடு இதையே பேசிக்கொண்டிருப்பான். பட்டாணி சூப் ஆறி மேலே ஏடு கட்டும். நான் ஏதாவது கேட்டால், "அவசரப்பட்டா தப்பாயிடும் லிஸெத். உயிர் சமாச்சாரம்," என்பான். கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. குரலை உயர்த்த மாட்டான். சனிக்கிழமை தோறும் கஸ்தோன் வண்டியில் என்னைக் கடைக்குக் கூட்டிப்போவான், இருவருக்கும் நடுவில் உட்கார வைத்து. மற்ற ஆறு நாளும் நான் ஜன்னலில் நின்று, பனி வாரும் லாரி போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேலை கிடைத்த அன்று கெஞ்சியே விட்டேன். வெகுநேரம் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சரி, பதினேழு போதும்," என்றான். விளம்பரம் பார்த்து, ஒரு ஆளிடம் பழைய ரிம்மும் டயருமாக நான்கும் நானே வாங்கினேன். ஒதீலிடம் நானே போன் செய்து நேரம் வாங்கினேன், என் பெயரில். இங்கே பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயர்தான். அதனால் லிஸெத் ஹார்வே யார் வீட்டுக்காரி என்று ஒதீலுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

"பதினெட்டு இஞ்சுல வேற ஏதாவது இருக்குமா?" என்றேன்.

"டிசம்பர் பாதி வரைக்கும் எதுவும் இல்ல. எதுக்கும் பாக்கறேன்." கையைத் துடைத்துக்கொண்டு கணினியில் கார் நம்பரைத் தட்டினாள். தட்டியவள் திரும்பி காரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது நோர்மான் வண்டியில்ல? நீங்க அவர் வீட்டுக்காரியா? மொதல்லயே சொல்லக்கூடாதா! போன நவம்பர் இதே லிஃப்டுல பதினேழு மாட்டிப் பாத்தோமே. இடிச்சுதுன்னு அவரே படம் எல்லாம் எடுத்துக்கிட்டார். அப்புறம் பதினெட்டுல நாலு வாங்கிட்டுப் போனாரே, ரிம்மோட புது டயர். அவர் நண்பர் வண்டியில நான்தான் ஏத்தி விட்டேன். இன்னும் மாட்டலையா?"

"இல்ல," என்றேன். வேறு என்ன சொல்ல?

ஒதீல் புத்திசாலி, மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. கோடை டயர்களையே திரும்ப மாட்டிவிட்டு, நான் கொண்டுவந்த நான்கையும் ஓரமாக எடுத்துவைத்தாள். "அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். அந்தப் பதினெட்டு இஞ்ச் நாலையும் கொண்டாங்க, வரிசையைப் பாக்காம மாட்டித் தரேன்," என்றாள்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. காரைக் கொட்டகைக்குள் நிறுத்திவிட்டு, நிலவறையில் தேடினேன், கொல்லைக் கொட்டிலில் தேடினேன், பரணில்கூடத் தேடினேன். இல்லை. மணி மூன்றரை. இருட்டத் தொடங்கிவிட்டது. ஊரோரக் கடற்குடாவிலிருந்து காற்று எழும்பியிருந்தது. திரும்பவும் கொட்டகைக்குள் வந்து நின்றபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. மூலைக் கம்பியோடு கட்டியிருந்த மணல் மூட்டையை ஓங்கி உதைத்தேன்.

கட்டைவிரல் பெயர்ந்துவிட்டது போல வலித்தது. மணலை உதைத்தால் அப்படி வலிக்காது.

குனிந்து கறுப்புப் பையைக் கிழித்தேன். உள்ளே ரிம்மோடு ஒரு டயர். பக்கச் சுவரில் பனி டயருக்கு உரிய மலைப் படமும் பனிப்பூவும், அருகே பதினெட்டு என்ற எண்ணும். ஒரு தரம்கூடத் தரையில் ஓடாததால் டயரின் ரப்பர் முடிகள் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. நான்கு மூலைக்கும் நான்கு. போன குளிர்காலம் முழுவதும் இவற்றைச் சுற்றி நானே பனியை வாரி ஒதுக்கியிருக்கிறேன். எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறான் என்று அவனிடமே மெச்சியிருக்கிறேன். என் மேலேயே எனக்கு வெட்கமாக இருந்தது.

ரொட்டிக் கத்தியை எடுத்துவந்து கயிறுகளை அறுத்தேன். முதல் சக்கரம் டிக்கியில், இரண்டும் மூன்றும் பின் சீட்டில். மூன்றாவதை ஏற்றும்போதே கொட்டகை பின்பக்கம் எழும்பி எழும்பி விழத் தொடங்கியது. அப்போதுதான் கஸ்தோனின் வண்டி வந்து, நோர்மானை இறக்கிவிட்டுப் போனது.

அவன் அறுந்த கயிறுகளைப் பார்த்தான். என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போனாலும் குரல் மாறவில்லை.

"லிஸெத், அது அகலம் இருநூத்தி நாப்பத்தஞ்சு. பனியில கிழிச்சுக்கிட்டுப் போகாது. அதான் மாட்டலை. இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பதினேழு போதும்னு சொன்னியே. இடிக்கும்னு தெரிஞ்சுதானே சொன்ன?"

காற்று கொட்டகையின் ஒரு பக்கத்தைத் தூக்கியது. அவன் பாய்ந்து வாசல் பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு வருஷம், நோர்மான். ரெண்டு குளிர்காலம் என்னை அந்த ஜன்னல்ல உக்கார வச்ச."

"அந்தச் சின்னக் காரை எடுத்துக்கிட்டு உங்க அக்கா வீட்டுக்குப் போனப்போ மூணு வாரம் வரலியே நீ," என்றான். "போன்கூடப் பண்ணலியே. கார் கையில இருந்தா நீ திரும்பி வருவியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. காற்றினாலும் இருக்கலாம். பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த மூன்று வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதும் உண்மை. அவனுக்கு அது தெரிந்துதான் இருக்கிறது.

நான்காவது மூட்டை அவன் காலடியில் இருந்தது. மண்டியிட்டு அறுத்தேன். அவன் தடுக்கவில்லை. தடுக்க வேண்டுமானால் கம்பியை விட வேண்டும்.

"லிஸெத், அதை மட்டும் விட்டுடு. கொட்டகை போயிடும்."

சக்கரத்தை உருட்டிப்போய் முன் சீட்டில் ஏற்றினேன். காரைக் கிளப்பியதும் டிங் டிங் என்று மணியடித்தது. பக்கத்து சீட்டில் ஆள் பெல்ட் போடவில்லையாம். எட்டிச் சக்கரத்துக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினேன். மணி நின்றது. நாலு இருபது.

பின்னோக்கி எடுத்துத் தெருவுக்கு வந்து நின்றேன். முன்விளக்கு வெளிச்சத்தில் நோர்மான் நின்றான். அவனுக்குப் பின்னால் வெள்ளைத் துணி வீட்டு உயரத்துக்கு உப்பி, படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கைகளும் கம்பியில். குதிகால்கள் அவ்வப்போது தரையிலிருந்து எழும்பின. வாய் அசைந்துகொண்டே இருந்தது. கண்ணாடி ஏற்றியிருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.