வசந்த வீரர் பலகை

மார்ச் மாதத்தில் எங்கள் ஹெரன்ஸ் பேஸ்பால் அணியை வெல்ல ஆள் கிடையாது. ஏப்ரலில் கிடைத்துவிடுவார்கள், வரிசையில் நின்று.

இது எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், வடக்கே பனி உருகுவதற்குள் காரைக் கிளப்பிக்கொண்டு புளோரிடாவுக்கு வந்துவிடுவோம், பயிற்சி ஆட்டங்களைப் பார்க்க. கணக்கில் சேராத ஆட்டங்கள். பெரிய ஆட்டக்காரர்கள் ஒன்பதில் ஐந்தாவது இன்னிங்ஸுக்குள் குளித்து முடித்து கோல்ஃப் மட்டையோடு வண்டி ஏறியிருப்பார்கள். அதற்கப்புறம் முதுகில் எண்பத்தெட்டு, தொண்ணூற்று மூன்று என்று எண் போட்ட பையன்கள் இறங்குவார்கள். சட்டையில் பெயர்கூட இருக்காது. தைக்கிற நூல் வீண் என்று நிர்வாகத்துக்குத் தெரியும். ஒரு ஆட்டம், மழையில்லை புயலில்லை, பந்து போட ஆள் தீர்ந்துவிட்டது என்று பாதியில் முடிந்தது. மூவாயிரம் பேர் எழுந்து கைதட்டினார்கள். அதில் என் கணவர் கஸ்ஸும் ஒருவர்.

கஸ் ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறித்துக்கொள்வார். கோயிலுக்குப் போகிற முகம் இருக்கும் அப்போது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைப்பேன். முப்பது வருடம் பல் மருத்துவமனை வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவள் நான். "வலிக்கவே வலிக்காது" என்பதைக் கேட்டுக்கேட்டு எதையும் நம்பாத உடம்பு ஆகிவிட்டது.

அந்த வருடம் இன்னொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. பந்து போடுகிறவன் களைத்துவிட்டான் என்று மேலாளருக்குத் தோன்றினால், மூன்று பேர் அவுட் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். கையை ஒரு சுற்று சுற்றினால் போதும், இன்னிங்ஸ் முடிந்தது. இரண்டு அணிகளும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டில் புகழ்பெற்றவன் கோல்பி வான்ஸ். இருபத்தொரு வயது. அவன் எறிந்தால் பந்து மணிக்கு நூறு மைல் வேகத்தில் போகும். எங்கே போகும் என்பது அவனுக்கும் தெரியாது. ஒரு நாள் எதிரணியில் வந்த மூன்று பேரும், நாலு பந்து தப்பாக வந்தால் கிடைக்கிற சலுகையில், மட்டையை அசைக்காமலேயே ஓசியில் பேஸுக்கு நடந்துபோனார்கள். மூன்று பேஸிலும் ஆள், ஒருத்தரும் அவுட் இல்லை, இன்னும் ஒருவன் நடந்தால் ரன். எங்கள் மேலாளர் பர்க் வானத்தைப் பார்த்தார், கையைச் சுற்றினார். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில், 'வான்ஸ் மீண்டும் ஒரு ரன்னும் கொடுக்கவில்லை.'

"பூஜ்யம், வெர்னா," என்றார் கஸ். "இந்த மாசம் முழுக்க பூஜ்யம்."

"நான்கூடத்தான் இந்த மாசம் ஒரு ரன்னும் குடுக்கல. என் பேரையும் எழுதிக்கோ."

"உனக்கு விளையாட்டே பிடிக்காது."

"விளையாட்டு பிடிக்கும். இது விளையாட்டா?"

இந்த மகத்தான சாதனைகளையெல்லாம் கௌரவிக்க எங்களுக்கு ஒரு ரசிகர் மன்றம் இருக்கிறது. தலைவர் நார்பர்ட் ஃபென்விக். புல்வெட்டும் இயந்திரம் விற்று ஓய்வுபெற்றவர். அணியின் முழுச் சீருடையும் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். பெல்ட், முழங்கால்வரை காலுறை, ஆணி வைத்த காலணி எல்லாம் உண்டு. மளிகைக் கடைத் தரையில் டக் டக்கென்று சத்தம் கேட்டால் தலைவர் பால் வாங்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். முதுகில் எண் ஒன்று. அதற்கு மேலே 'தலைவர்' என்று தைத்திருக்கும்.

வருடா வருடம் கடைசிப் பயிற்சி ஆட்டத்தன்று மன்றம் ஒரு பலகை கொடுக்கும். வசந்தத்தின் சிறந்த வீரர். தேக்குநிற வார்னிஷ் அடித்த மரம், நடுவில் பித்தளைத் தகடு. அந்த வருடம் யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை. டுவேன் சாட்லர், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சர், முப்பத்திரண்டு வயது. மட்டையைத் தொட்டால் பந்து வேலிக்கு மேல் போனது. கஸ் அவனுடைய பெயரை எழுதும்போது பென்சிலைச் சீவிக்கொள்வார்.

ஒரு காலை மளிகைக் கடையில் இறைச்சி வெட்டித் தருகிற இடத்தில் டோக்கன் வாங்கி நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற தடித்த ஆள் திரும்பி என் மன்றத் தொப்பியைப் பார்த்தான். சாட்லர். கையில் பொரித்த கோழி, வண்டியில் இரண்டு சின்னப் பெண்கள்.

"மேடம், நீங்க மன்றத்துக் கமிட்டியா?"

"என் புருஷன் சேத்துவிட்டாரு. நானா போகல."

அவன் தன் டோக்கனை எடுத்து என் கையில் வைத்தான். "முதல்ல நீங்க வாங்குங்க. ஒரு உதவி. எனக்கு அந்தப் பலகை வேண்டாம்."

"ஏன் தம்பி, சுவர்ல இடமில்லையா?"

"அணிக்குள்ள அதுக்கு என்ன பேர் தெரியுமா? சவப்பெட்டி மூடி. போன வருஷம் வாங்கினவன் இப்ப டாம்பாவுல நீச்சல் குளம் கழுவறான். அதுக்கு முந்தின வருஷத்து ஆள் மெக்சிகோவுல எங்கயோ ஆடறான். பலகை வாங்கினவன் ஒருத்தன்கூட நிஜ சீசனுக்கு அணியோட வடக்க போனதில்ல."

"அதெல்லாம் நம்பறியா நீ?"

"நான் நம்பல. பர்க் நம்பறாரு." குரலைத் தாழ்த்தினான். "மைதானத்து வெள்ளைக் கோட்டை மிதிக்க மாட்டாரு அவரு, தாண்டித்தான் போவாரு. ஜெயிச்சா காலுறை மாத்த மாட்டாரு. போன வருஷம் பலகை குடுக்கறப்ப நான் பக்கத்துல நின்னேன். 'சரி, அப்ப இவன் இல்ல' அப்படின்னாரு. அவ்வளவுதான், மறுநாள் அவன் இல்ல."

கண்ணாடிக்குப் பின்னால் இயந்திரம் வான்கோழியைச் சீவிக்கொண்டிருந்தது. மூத்த பெண் வண்டியிலிருந்து கோழிப் பொட்டலத்தில் ஓட்டை போட்டாள்.

"இதுதான் கடைசி வசந்தம்னு வீட்ல சொல்லிட்டா," என்றான். "இந்தத் தடவை அணியில இடம் கிடைக்கலன்னா நெப்ராஸ்கா. மாமனார் டைல்ஸ் கடை வச்சிருக்காரு. தரை ஒட்ட முழங்கால் நல்லா பழகியிருக்கும், கேட்சர்தானேன்னு போன்ல சிரிக்கறாரு."

அவன் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கஸ்ஸிடம் சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "நேரா தலைவர்கிட்ட சொல்லிடலாமே."

"அவர்கிட்டப் போய் உங்க பலகை பீடைன்னு சொல்லப்போறியா? சொல்லிப் பாரு. ரெண்டு பலகை செஞ்சு குடுப்பாரு."

கமிட்டிக் கூட்டம் நார்பர்ட் குடியிருந்த வளாகத்தின் பொது அறையில். எலுமிச்சைக் கேக், காபி, காற்றாடி. தலைவர் டக் டக்கென்று நடந்துவந்து நின்றார். கையில் ஒரு கற்றைத் தாள்.

"நண்பர்களே. உழைப்புன்னா சாட்லர். சாட்லர்னா உழைப்பு. பேச்சு தயார். தகட்டுல பேரும் வெட்டியாச்சு. ஓட்டெடுப்பு வெறும் சம்பிரதாயம்."

நான் எழுந்தேன். கமிட்டியில் நான் எழுந்தது பாத்ரூம் போவதற்கு மட்டும்தான் என்பதால் எல்லோரும் வழிவிட்டார்கள்.

"தலைவரே, ஒரே ஒரு சந்தேகம். பூஜ்யத்தைவிடச் சின்ன எண் இருக்கா?"

நார்பர்ட் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். "இல்லன்னுதான் நினைக்கறேன்."

"சாட்லர் நல்லா அடிக்கறாரு. அவரைவிட நல்லா அடிக்க நாளைக்கு ஒருத்தன் வரலாம். கோல்பி வான்ஸோட பூஜ்யத்தை எவன் வந்து குறைப்பான்? ஒரு மாசம், ஒரு ரன் இல்ல. எல்லா பேஸிலும் ஆள் நிக்கறப்பகூட இல்ல. அந்த நெருக்கடியில அவன் முகத்தைப் பாத்தீங்களா? கல்லு மாதிரி இருந்தது."

"வெர்னா," என்றார் கஸ், "பர்க் கையைச் சுத்தினதாலதான..."

மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். நல்ல வேளை, ஆணிக் காலணி தலைவரிடம் மட்டும்தான் இருந்தது.

"பர்க் ஏன் சுத்தினாரு?" என்று கேட்டேன். "அதுக்கு மேல அந்தப் பையன் நிரூபிக்க ஒண்ணும் இல்லன்னு அவருக்குத் தெரியும்."

கூட்டத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். நான் சொல்வது எனக்கே நாராசமாக இருந்தது, அவர்கள் குறித்துக்கொண்டார்கள். முப்பது வருடத்தில் பல் மருத்துவர் ஒருவர்கூட இவ்வளவு தைரியமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஆனா பேச்சு எழுதிட்டேனே," என்றார் நார்பர்ட். அவருக்கு அதுதான் வருத்தம்.

"தலைவரே, பேச்சு யாருக்கும் பொருந்தும். படம்தான் முக்கியம். சாட்லரோட நிக்கற படத்தை எங்க மாட்டுவீங்க? உங்க வீட்டுச் சமையலறையில. வான்ஸுக்கு இருபத்தொண்ணு. நாளைக்கு அவன் பெரிய ஆளாகி அருங்காட்சியகத்துல ஒரு அறையே வச்சாங்கன்னா, அவன் கையில முதல் பரிசு குடுக்கற படத்துல யாரு இருப்பா?"

நார்பர்ட் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். அப்போதே படம் எடுக்கிறார்கள் என்பது போல.

"உழைப்புன்னா வான்ஸ்," என்றார் மெதுவாக, ருசி பார்ப்பது போல. பிறகு பேனாவை எடுத்துத் தாள்களில் பெயரை மட்டும் அடித்துத் திருத்த ஆரம்பித்தார்.

விழா நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. மைதானத்தின் நடுவே ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு தலைவர் வாசித்தார். பெயரைத்தான் திருத்தியிருந்தார், வேறு எதையும் தொடவில்லை. பத்து வருடத்துக்கும் மேலாகச் சின்ன ஊர்களில் பஸ்ஸில் அலைந்து, முழங்கால் தேய்ந்து, பிள்ளைகள் வளர்வதைக் கண்ணால் பார்க்காமல் உழைத்த அந்த வீரரை அவர் அழைத்தபோது, முகப்பரு இன்னும் ஆறாத கோல்பி வான்ஸ் சூயிங்கம் மென்றுகொண்டு வந்தான். பக்கத்து வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் பர்க்கைத்தான் பார்த்தேன். பலகை கை மாறிய நேரத்தில் அவர் தொப்பியைக் கழற்றினார், வான்ஸைப் பார்த்தார், தன் உதவியாளரிடம் ஏதோ சொன்னார். சின்ன வாக்கியம்தான். அந்தப் பக்கம் சாட்லர் முழங்கால் கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான், நிமிரவே இல்லை.

பிறகு வான்ஸ் பந்து போட்டான். மூன்று பேஸிலும் ஆள் சேர்ந்தார்கள். பர்க் கையைச் சுற்றினார். அரங்கமே எழுந்து நின்றது.

மறுநாள் அணிப் பட்டியல் வந்தது. வான்ஸை 'மேலும் அனுபவம் பெற' கீழ் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். சாட்லர் உள்ளே. சாட்லரின் அற்புத ஆட்டம் நிர்வாகத்தின் மனத்தை மாற்றியது என்று பத்திரிகை எழுதியது. உண்மையில், அவன் இடத்துக்குப் போட்டியாக இருந்த இன்னொரு கேட்சர் முந்தின மாலை கோல்ஃப் வண்டியைக் கொண்டுபோய்த் தென்னை மரத்தில் மோதி விரலை முறித்துக்கொண்டான். அந்த வசந்தத்தில் ஹெரன்ஸ் அணியில் ஒருவன் ஒன்றில் உருப்படியாக மோதினான் என்றால் அது அந்த மரம்தான். ஆனால் கேட்சருக்கு இன்னும் ஒரு ஆள் கீழ் அணியில் தயாராக இருந்தான் என்பதையும், பர்க் அவனைக் கூப்பிடவில்லை என்பதையும் நான் கவனித்தேன். சாட்லர் அதற்கு என்ன காரணம் நினைக்கிறானோ, நினைத்துக்கொள்ளட்டும்.

நார்பர்ட் மன்றத்தாருக்கெல்லாம் போன் செய்தார். "சாட்லரை அடையாளம் கண்டது முதல்ல நாமதான்," என்றார்.

ஏப்ரலில் ஊருக்குத் திரும்பிவிட்டோம். வாசலில் பனி. தொலைக்காட்சியில் ஹெரன்ஸ் வழக்கம்போலத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு மேல் அடித்த அதே சாட்லர், கணக்கில் சேரும் ஆட்டங்களில் ஒரு பந்தைக்கூட ஒழுங்காகத் தொடவில்லை.

"நான் சொன்னேன்ல, மார்ச்சுல அடிக்கறதெல்லாம் காத்துல அடிக்கறது," என்றேன்.

கஸ் பென்சிலைக் கடித்தார். "அது இல்ல வெர்னா. சாட்லர் பேர் வெட்டின தகட்டை நார்பர்ட் கழட்டல. புதுத் தகட்டை அதுக்கு மேலயே ஒட்டிட்டாரு. அடியில இவன் பேர் இருக்கு."

எனக்கு இது தெரியாது. திரையைப் பார்த்தேன். சாட்லர் மூன்றாவது பந்தையும் விட்டு அவுட் ஆனான். அவசரமில்லாமல் திரும்பி நடந்தான். வெள்ளைக் கோடு வந்ததும், மேலாளரைப் போலவே, மிதிக்காமல் காலைத் தூக்கித் தாண்டினான். பெஞ்சின் கோடியில் போய் உட்கார்ந்தான். யாரோ சூரியகாந்தி விதைப் பையை நீட்டினார்கள். கை நிறைய எடுத்துக்கொண்டான், நாளைக்கும் அங்கேயே உட்காரப்போகிறவன் எடுத்துக்கொள்கிற மாதிரி.

"என்ன கோந்து போட்டு ஒட்டினாரு?" என்று கேட்டேன்.

"நல்ல கோந்துதான். டைல்ஸ் ஒட்டறது. கட்டடச் சாமான் கடையில வாங்கினாரு."

"அப்ப சீசன் முடியற வரைக்கும் மேல் தகடு தாங்கும்," என்று சொல்லிவிட்டு, தோற்கும் ஆட்டத்தின் மீதியைப் பார்க்க வேர்க்கடலையை எடுத்துவந்தேன்.