சுடுமல்லிக்கு ஒரு தொட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில், மலேசியாவின் கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டின் பின்னால் ஐயாவு போட்ட சோளம் முழங்கால் உயரத்திலேயே வாடி நின்றது. "கண்ணத் திறப்பா" என்று தினமும் பிள்ளையார் படத்தின் முன் நின்று கெஞ்சினான். அவன் மனைவி நல்லம்மாளோ, சோளத்தடியில் தானாக முளைத்த மஞ்சள் பூச்செடிகளுக்கு ஆசையாகத் தண்ணீர் ஊற்றி, அந்தப் பூவையே பிள்ளையாருக்கு வைத்தாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டுத் தங்கராஜு வேலியோரம் நின்று சிரித்தார். "இது சுடுமல்லி லா! சோளத்து வேர உறிஞ்சிக் குடிக்கிற சனியன். இதையா வளக்குறீங்க?"

ஐயாவு அத்தனையையும் பிடுங்கி எறிந்தான். "சாமிக்கு வேற பூவே கெடைக்கலியா ஒனக்கு?"

"இது களைன்னு சாமிக்குத் தெரியாதா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!" என்றாள் நல்லம்மாள்.

நல்லம்மாளுக்கு மனம் ஆறவில்லை. பிடுங்கியதில் ஒன்றைத் தகர டின்னில் நட்டாள், உறிஞ்ச வேர் இல்லாமல் மறுநாளே கருகியது. அடுத்த முறை விவரமாக, பூவின் விதை உதிர்ந்து கிடந்த அதே மண்ணைப் பழைய தொட்டியில் நிரப்பி நாலு சோளம் ஊன்றினாள். சில வாரங்களில் சோளம் துவண்டது, பூ பூத்தது.

"நாலு சோளம் பாழு" என்றான் ஐயாவு.

"பிள்ளையாரு கொழுக்கட்டைக்கு மட்டும் மாவு செலவாவலியா? இதுவும் அவரு பங்குதான்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே தொட்டிக்கும் தண்ணீர் ஊற்றினான்.