கனகாம்பாளுக்காக அடித்த நீலம்

ராமபத்ரன் கொச்சி மட்டாஞ்சேரியில் வாங்கிய பழைய வீடு, உள்ளே ஒரே வெள்ளை. சுவர், கதவு, தரை எல்லாமே வெள்ளை. விற்றவர்கள் அப்படித்தான் வைத்திருந்தார்கள். வாங்கியபோது அது குளிர்ச்சியாகத்தான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் மனைவி கனகாம்பாளின் பார்வை மங்கத் தொடங்கிய பிறகு அந்த வெள்ளையே அவளுக்குச் சத்துருவாயிற்று. கதவு எது, சுவர் எது என்று பிடிபடாமல் இருமுறை கதவு நிலையில் நெற்றியை மோதிக்கொண்டாள்.

நிறம் மாறும் இடத்தில்தான் அவளுக்கு விளிம்பு தெரியும் என்றார் கண் டாக்டர். ராமபத்ரன் மறுநாளே ஆரம்பித்துவிட்டார். வெள்ளைச் சோற்றுக்குக் கறுப்புத் தட்டு வந்தது. படி விளிம்பில் மஞ்சள் நாடா ஒட்டினார். சுவிட்சைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டார். கூடத்தின் நீண்ட சுவருக்கு மட்டும் ஆழ்ந்த நீலம். தேனிப் பக்கத்திலிருந்து வந்து எர்ணாகுளத்தில் பெயின்ட் வேலை பார்க்கும் சங்கிலிப்பாண்டி இரண்டு கோட்டிங் அடித்துக் கொடுத்தான். அதன்முன் வெள்ளை சோபாவைப் போட்டார்கள்.

அன்று கனகாம்பாள் சுவரைத் தடவாமல் நேராக நடந்துவந்து சோபாவில் உட்கார்ந்தாள். ராமபத்ரனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளால் பார்க்க முடியாது என்று தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாலாம் நாள் காலை, பதினொரு மணி இருக்கும்.

"கேட்டேளா, ஆரு வந்திருக்கா?"

"ஆரும் இல்லையே."

"நீலச் சுவர்ல சாஞ்சுண்டு நிக்கறாளே. வெள்ளைப் புடவை."

அவர் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

டாக்டருக்கு ஃபோன் செய்தார். பார்வை குறைகிறவர்களுக்கு இப்படி உருவங்கள் தோன்றுவதுண்டு, மூளை தானாக வரைந்துகொள்வதுதான், பயப்பட வேண்டாம் என்றார் அவர். ராமபத்ரனுக்கு நிம்மதி. மனைவியிடம் பொறுமையாக விளக்கினார். அவளும் முழுக்கக் கேட்டாள்.

"ஷெரி. மூளை வரையறதுன்னா வெள்ளைச் சுவர்லயும் வரையாதோ? அவ நீலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனா காணாம போயிடறா. திரும்பி வந்தா தெரியறா."



அடுத்த வாரம் சங்கிலிப்பாண்டி, மேல் விளிம்பில் விட்டுப்போன இடத்தைச் சரிசெய்ய வந்தான். ராமபத்ரன் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. ஏணியோடு கூடத்துக்குப் போனவன் சற்று நேரத்தில் சமையலறை வாசலுக்கு வந்தான்.

"ஐயா, அம்மாவைச் செத்த அங்கிட்டுத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. ஏணி போடணும்."

கனகாம்பாள் சமையலறையில் ராமபத்ரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பயத்தங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். சங்கிலிப்பாண்டி அவளைப் பார்த்தான். திரும்பிக் கூடத்தைப் பார்த்தான். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனவன்தான், திரும்பி வரவில்லை. பிரஷ்கூட இங்கேயே கிடந்தது. ஃபோன் செய்தால் எடுக்கவில்லை.

ராமபத்ரனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கனகாம்பாளை ஆலுவாவிலிருக்கும் மகள் அதிதியின் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எர்ணாகுளம் பிராட்வேயில் வெள்ளைப் பெயின்ட் வாங்கிவந்து தானே அடித்தார். நீலம் மறைய நாலு கோட்டிங் ஆயிற்று. வேலை செய்த மூன்று நாளும் சுவருக்கு முதுகைக் காட்டாமலே நின்றார்.

திரும்பி வந்த கனகாம்பாள் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன பண்ணி வெச்சிருக்கேள்?"

"நீ பயப்படுவேன்னுதான்..."

"வெள்ளை அடிச்சா அவ போயிடுவாளோ? எனக்குத் தெரியாம நிப்பா, அத்தனையாக்கும். இனி நான் எங்கே நடப்பேன்?"

அவள் கூடத்துக்குள் வரவில்லை. படுக்கையறைக்கும் சமையலறைக்கும் இடையே மறுபடி சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். சாப்பாடு குறைந்தது. ஒரு வாரம் பார்த்தார் ராமபத்ரன். அவள் பயம் அந்தப் பெண் கண்ணுக்குத் தெரிவதால் அல்ல, எங்கே நிற்கிறாள் என்று தெரியாமல் போனதால்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வேறு ஆட்களை அழைத்து, இந்தத் தடவை கூடத்தின் நாலு சுவருக்கும் அதே நீலம் அடிக்கச் சொன்னார். எந்த மூலையில் நின்றாலும் கனகாம்பாளுக்குத் தெரியட்டும்.

வேலை முடிந்த மறுநாள் மத்தியானம், நல்ல வெயில் வெளிச்சத்தில், அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நடுவே நாற்காலியில் உட்காரவைத்தார். பக்கத்தில் இன்னொன்றைப் போட்டுத் தானும் உட்கார்ந்தார். கனகாம்பாள் இடமிருந்து வலமாக மெல்ல முகத்தைத் திருப்பினாள். ஒவ்வொரு சுவரிலும் வெகுநேரம் நின்றது அவள் பார்வை.

"தெரியறதா, கனகம்?"

"தெரியறது."

"எங்கே நிக்கறா?"

அவள் கை தேடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"ஒருத்தி மட்டும் இல்லை, நெறையப் பேர். மத்த மூணு சுவரும் வெள்ளையா இருந்ததாக்கும், அதான் இத்தனை நாள் தெரியலை."

தெருவில் ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று.

"பயப்படாதேங்கோ," என்றாள் கனகாம்பாள், குரலைத் தாழ்த்தி. "நாற்காலியைச் சித்த நகத்திப் போட்டுக்கோங்கோ. அவாளுக்கு வழியில உக்காந்திருக்கேள்."

அவர் எழுந்தார். எந்தப் பக்கம் என்று அவளிடம் கேட்டுவிட்டு நகர்த்தினார்.