சாவு குறைந்த கவுண்டி

மாநிலத் தலைநகரிலிருந்து தொலைபேசி வந்தபோது வெர்னா ஸ்டிடம் ஷெரிஃபின் அறையில்தான் இருந்தாள். கவுண்டி என்கிற அந்த மாவட்டத்தின் காவல் தலைவர், ஷெரிஃப் வெண்டல் மெஸ்ஸர், பேசி முடித்து ரிசீவரை வைத்தார். நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"உனக்குப் பாராட்டு வந்திருக்கு. நம்ம கவுண்டில போதைல சாகறவங்க பாதியாக் குறைஞ்சிட்டாங்களாம். பிரமாதமான வேலையாம்."

"சரி, அப்புறம்?"

"அதனால போதைத் தடுப்பு மானியம் இனி கிடையாதாம். எங்க அதிகமா சாகறாங்களோ அங்கதான் பணமாம். மலைக்கு அந்தப் பக்கம் போகுது. அங்க இருக்கற ஷெரிஃப் வருஷம் பூரா மீன் பிடிச்சிட்டிருந்தான். அவனுக்கு இப்ப புது வண்டி, புது ஆளுங்க. நம்மளும் தூண்டிலைத் தூக்கிட்டுப் போயிருக்கணும்."

கென்டக்கியின் கிழக்கு மலைகளில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிய பிறகு முதலில் வலி மாத்திரை வந்தது, பிறகு போதைப் பொடி வந்தது. பொடியைக் கொண்டுவந்தவன் லானி சைஸ்மோர். நெடுஞ்சாலை ஓரம் டயர் கடை வைத்திருந்தான். பள்ளிக்கூடத்து ஃபுட்பால் பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கிக் கொடுப்பவனும் அவன்தான். ஊரில் அவனைப் பற்றித் தப்பாகப் பேச ஆள் கிடையாது. மானியம் வந்த பிறகுதான் ஷெரிஃப் அலுவலகத்தில் போதைத் தடுப்புக்கென்று தனிப் பிரிவு உண்டானது. பிரிவு என்றால் ஷெரிஃபின் கீழ் வேலை பார்க்கும் இரண்டு டெப்யூட்டிகள், வெர்னாவும் கிளெல் ராட்லிஃபும். அவ்வளவுதான்.

டென்னா காடில் மட்டும் இல்லாவிட்டால் அவர்களால் லானியை நெருங்கியிருக்கவே முடியாது. தானும் பொடி போட்டுக்கொண்டு லானிக்காக விற்றுக்கொண்டிருந்தவள் அவள். வெர்னாவிடம் மாட்டினாள். அழுதாள். பிறகு மருந்து சாப்பிட்டுப் பழக்கத்தை விட்டாள். சட்டைக்குள் ஒலிப்பதிவுக் கருவியை ஒட்டிக்கொண்டு லானியிடமே போய்ச் சரக்கு வாங்கி வந்தாள். லானி கைதானான், ஜாமீனில் வெளியே வந்தான். வெர்னா அவளையும் அவள் மகள் மேஸியையும் தூரத்து ஊரில் ஒரு வீட்டில் குடிவைத்தாள். வாடகை மானியத்திலிருந்து போனது.

"கேஸ் முடியற வரைக்கும் உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கறது என் பொறுப்பு" என்று சொல்லியிருந்தாள் வெர்னா. அரசாங்கத்தின் பொறுப்பு என்று சொல்லவில்லை. என் பொறுப்பு என்றுதான் சொன்னாள்.

"டென்னாவோட வாடகை என்ன ஆகும்?" என்று இப்போது ஷெரிஃபிடம் கேட்டாள்.

"நின்னு போகும்."

"மிச்சப் பணம் கொஞ்சம் இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா அதுல சாமான்தான் வாங்கலாம். இந்த மாசத்துக்குள்ள வாங்கலைன்னா திருப்பி அனுப்பணும். ட்ரோன் வாங்கப் போறோம்."

"ட்ரோன் எதுக்கு? பிரிவே இல்லையே."

"திருப்பிக் குடுத்தா, இவங்களுக்குப் பணமே தேவையில்லன்னு எழுதிருவான். உனக்குத் தெரியாததா?"

அரசு வக்கீலிடம் போனாள். பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி உண்டு, டென்னா பொடி விற்றவள், அவளைப் பாதிக்கப்பட்டவள் என்று எப்படி எழுதுவது என்று அவர் கேட்டார். விசாரணையும் வசந்த காலத்துக்குத் தள்ளிப்போனது.

டென்னாவிடம் சொல்லப் போனபோது அவள் அடுப்படியில் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"ஏனாம்?"

"சாவு குறைஞ்சிருச்சாம்."

டென்னா கிழங்கைப் புரட்டிப் போட்டாள். "அந்தக் குறைஞ்சதுல நானும் ஒருத்திதானே, மிஸ் வெர்னா? சாகாம இருந்தது தப்பாப் போச்சா?"

"என் வீட்டுக்கு வந்துரு."

"உங்க வீட்டுக்கும் லானி கடைக்கும் நடுவுல ஒரு சர்ச்தான் இருக்கு. அங்க வந்து நான் ஒளியவா?"

ஒரு மாத வாடகையை வெர்னா தன் கையிலிருந்து கட்டினாள். அடுத்த மாதம் அவள் கணவன் ட்வைட்டுக்கு முதுகில் அறுவை சிகிச்சை, பணம் அதற்குப் போனது. சுரங்கத்தில் உடைந்த முதுகு அது. டென்னா மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளத்தாக்கில் இருந்த தன் அம்மாவின் தகரப் பெட்டி மாதிரியான டிரெய்லர் வீட்டுக்குத் திரும்பினாள்.

வெர்னாவை ரோந்துக்கு மாற்றினார்கள். சாலையில் அடிபட்ட மானை இழுத்துப் போடுவது, பிள்ளைகள் இறங்கும்போது பள்ளிப் பேருந்துக்குப் பின்னால் நிற்காமல் போகும் வண்டிகளைப் பிடிப்பது என்று பொழுது போனது. அந்த டிரெய்லர் வழியாகப் போகும்போதெல்லாம் வேகத்தைக் குறைப்பாள். ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால் சரி என்று போய்விடுவாள். சாட்சியிடம் ரோந்து வண்டியில் போய் நின்றால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். பனி விழுந்துகொண்டிருந்த ஒரு நாள் டென்னாவின் பழைய காரில் நான்கு டயரும் புதுசாக இருப்பதைப் பார்த்தாள். லானி கடையின் டயராகத்தான் இருக்கும் என்று பட்டது. அன்றைக்கும் அவள் வண்டியை நிறுத்தவில்லை.

விசாரணையில் டென்னா நீலச் சட்டை போட்டுக்கொண்டு கூண்டில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்ல. அப்ப நான் போதைல இருந்தேன். அது யார் குரல்னு என்னால சொல்ல முடியாது."

அரசு வக்கீல் எத்தனை விதமாகக் கேட்டும் அதே பதில்தான். வெர்னா இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஜூரிகள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே விடுதலை என்ற தீர்ப்போடு வந்துவிட்டார்கள். நடைவழியில் லானி கையை நீட்டினான்.

"மனசுல வச்சுக்காதீங்க மேடம். உங்க வேலைய நீங்க செஞ்சீங்க. ட்வைட் அண்ணன் முதுகு இப்ப எப்படி இருக்கு?"

வெர்னா கையைக் கொடுக்காமல் வெளியே வந்தாள். வண்டிகள் நிற்கும் இடத்தில் டென்னா தன் காரில் சாய்ந்து நின்றாள்.

"திட்டணும்னா திட்டிருங்க."

"மிரட்டினானா?"

"யாரும் மிரட்டல. ஜனவரில ஹீட்டருக்கு கேஸ் தீர்ந்து போச்சு. மேஸிக்கு மூச்சிழுப்பு. உங்களுக்கு போன் பண்ணேன். இந்த நம்பர் உபயோகத்துல இல்லன்னு ஒரு பொம்பள சொன்னா. திரும்பத் திரும்பப் பண்ணேன். அவளேதான் பேசினா."

அது பிரிவின் தொலைபேசி. மானியம் நின்றதும் துண்டித்துவிட்டார்கள். சாட்சிகளுக்குச் சொந்த எண்ணைக் கொடுக்கக் கூடாது என்பது விதி, வெர்னா கொடுத்திருக்கவில்லை.

"லானியோட அம்மா வந்தாங்க. டேங்க் நிறைய கேஸ் போட்டுக் குடுத்தாங்க. கூடவே ஒரு பானை பீன்ஸும் சோள ரொட்டியும். கோர்ட்டு வழக்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. பாப்பா நெத்தியத் தொட்டுப் பாத்துட்டுப் போயிட்டாங்க." டென்னா கார்க் கதவைத் திறந்தாள். "நீங்க வண்டில போறத நான் ஜன்னல்லேர்ந்து பாத்துட்டேதான் இருந்தேன், மிஸ் வெர்னா."

வெர்னா கார் போகும்வரை நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த கோடைக்குள் பொடி முன்னைவிட மலிவாகக் கிடைத்தது. சவ அடக்கம் செய்கிறவர்கள் புதுசாக ஒரு வண்டி வாங்கினார்கள். ஷெரிஃப் வெர்னாவைக் கூப்பிட்டு அனுப்பினார். முகத்தில் மலர்ச்சி இருந்தது.

"இந்தத் தடவை நமக்குக் கிடைச்சிரும்னு சொல்றாங்க. எண்ணிக்கை அப்படி இருக்கு. நீதான் பிரிவை நடத்தணும்."

"சாட்சிக்கு வாடகை உண்டா?"

"அது இல்ல. வண்டி உண்டு. நல்ல வண்டி."

"அப்ப வண்டியவே கூண்டுல ஏத்திச் சாட்சி சொல்லச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஷெரிஃப் கோபப்படவில்லை. கிளெல் ராட்லிஃபைக் கூப்பிடச் சொன்னார்.

அன்று சாயங்காலம் பெட்ரோல் பங்க் கழிப்பறையில் ஒருவன் விழுந்து கிடப்பதாக வயர்லெஸ்ஸில் வந்தது. பக்கத்தில் இருந்தது வெர்னாதான்.

"நான் போறேன்" என்றாள்.

கிளெல்லும் கேட்டுக்கொண்டிருந்தான். "பாத்து வெர்னா. ரொம்பக் காப்பாத்திராத. மறுபடி பணம் போயிரும்" என்று சிரித்தான்.

அவள் வயர்லெஸ்ஸை அணைத்தாள். பங்க்கில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள். உதடு நீலமாகிக் கிடந்தவன் ஃபுட்பால் ஆடிய பையன்களில் ஒருவன், பெயர் நினைவுக்கு வரவில்லை. ஈரத் தரையில் மண்டியிட்டு அவன் மூக்கில் போதையை முறிக்கும் மருந்தைப் பீய்ச்சினாள். நெஞ்செலும்பை விரல் முட்டியால் தேய்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை பீய்ச்சினாள்.

அவன் சட்டென்று மூச்சை இழுத்துக் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான். ஏறியிருந்த போதையைக் கெடுத்துவிட்டாள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினான்.

"திட்டு" என்றாள் வெர்னா. ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அத்தனையையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.