ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த ரத்தம்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா, ஒரு கதை சொல்றேன். ஆவடியில் ரத்தப் பரிசோதனைக்கு நின்றபோது எனக்கு முன்னால் இருந்த புருஷன் பெண்சாதியைப் பார்த்துப் பிறந்த கதை. பேர் கேட்கவில்லை. துலுக்கானம், பார்வதம் என்று நானே வைத்தேன்.

1.

'சேக்காட்டில் ஒரு அழகான காலையில்...'

(வேண்டாம். இந்தக் கதைக்கு அழகு எதற்கு?)

பாக்டரியில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர் துலுக்கானம். நாற்பது வருஷமாகப் பீடி. நுரையீரல் புற்றுநோயை ரத்தத்திலேயே கண்டுபிடிக்க ஆராய்ச்சி செய்யும் டாக்டர் ஷர்மிளா அவரை வரச்சொல்லியிருந்தார். பார்வதம் சும்மா துணைக்குப் போனாள்.

"ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவங்க ரத்தமும் வேணும்மா. நீங்க குடுக்கிறீங்களா?"

"எடுத்துக்கோ தாயி. இந்தாளப் புழிஞ்சா பொகதான் வரும்."

2.

(மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பதை நாலு தடவை எழுதி அடித்தேன். ரத்தத்தில் மிதக்கும் நுணுக்கமான துணுக்குகள். நுரையீரலில் கட்டி வந்தால் சிலது கூடும், சிலது குறையும். நோயாளி எத்தனை நாள் தாங்குவார் என்றுகூட அதை வைத்துக் கணிக்கிறார்களாம். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.)

துலுக்கானத்தின் ரத்தத்தில் ஒன்றுமில்லை. பார்வதத்தின் ரத்தத்தில் இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். எலும்புவரை பரவியிருந்தது.

"எத்தினி நாளும்மா?" அவளை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேட்டார் துலுக்கானம்.

ஷர்மிளா ஒரு கவரைக் கொடுத்தார். "இது கணிப்புதான் ஐயா. வேணாம்னு தோணினா பிரிக்காதீங்க."

பார்வதத்திடம் வெறும் சளிக்கட்டு என்று சொல்லிவிட்டார் துலுக்கானம்.

3.

இந்த மனுஷன்மேல் கோபப்படத்தான் நினைத்தேன். முடியவில்லை. தினமும் விடிந்ததும் அவள் அடுப்பில் பீடியைப் பற்றவைப்பார். ஜன்னலில்லாத அந்தச் சமையல்கட்டிலேயே நின்று, அது தீரும்வரை அவளோடு பேசுவார். அவர் வாய்திறந்து பேசுவதே அந்த நேரம்தான். அதற்காகவே அவள் அடுப்பைச் சீக்கிரம் மூட்டுவாள்.

4.

'மருந்து வேலை செய்து பார்வதம்...'

(கை ஓடவில்லை.)

கவர் வந்த நாலாம் நாள். அடுப்பு எரிகிறது. வாசற்படியிலேயே நிற்கிறார்.

"இன்னாய்யா, பத்த வெச்சிக்கலியா?"

"உட்டுட்டேன் மே."

"நானு நாப்பது வருசமா கத்தியும் உடல." இருமி முடித்து, அவரையே பார்த்தாள். "இப்போ உட்டுட்டேன்ற. அப்போ எனக்கு இன்னாய்யா?"

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. பிரிக்காத கவர் அங்கேதான் இருக்கிறது. எதிரில் நெருப்பும் இருக்கிறது.

இதற்குமேல் என்னால் ஆகாது கண்ணுங்களா. அவர் பிரிக்கட்டுமா, கொளுத்தட்டுமா, நீங்களே சொல்லுங்கள். எப்படி முடித்தாலும் பார்வதம் பிழைக்கவில்லை, நான் எழுதிப் பார்த்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் துணைக்குப் போனவர்கள் துணையாகவே திரும்பி வரட்டும். உங்கள் அடுப்பங்கரையில் பேச்சுச் சத்தம் ஓயாதிருக்கட்டும்.